பட்டியல் என்னும் பிரதி

ரஞ்சித் குமார் சந்திரா என்ற பெயர் நம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஊட்டச்சத்து பற்றியோ பொதுச் சுகாதாரம் பற்றியோ 1980களிலும் 90களிலும் படித்தவர்களுக்கு அது தவிர்க்க முடியாத பெயர். சத்துக் குறைவுக்கும் தொற்றுநோய்க்கும் உள்ள உறவைப் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கடைசிப் பக்கங்களில் அந்தப் பெயர் வரிசையாக நிற்கும். இந்தியாவில் பிறந்து, 1970களில் கனடாவின் கிழக்கு ஓரத்துத் தீவான நியூஃபவுண்ட்லாந்துக்குப் போய், செயின்ட் ஜான்ஸ் நகரத்து மெமோரியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள். 1989-ல் 'ஆர்டர் ஆஃப் கனடா' விருது. 'ஊட்ட நோயெதிர்ப்பியலின் தந்தை' என்கிற பட்டம் வேறு. நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர் என்ற பேச்சும் கூடவே நடமாடிக்கொண்டிருந்தது.

அவருடைய கட்டுரைகளில் முக்கியமான மூன்றை அவற்றை அச்சிட்ட பத்திரிகைகளே பின்னால் திரும்பப் பெற்றுக்கொண்டன: 'நியூட்ரிஷன்' 2005-ல், 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' 2015-ல், 'லான்செட்' 2016-ல். 2015 கடைசியில் விருதும் பறிபோனது.

இதை ஒரு மோசடிக்காரனின் கதையாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வதில் எல்லோருக்கும் ஒரு சௌகரியம் இருக்கிறது. விஞ்ஞானம் சுத்தமாகவே இருந்தது, ஒரு ஆள் கெட்டுப்போனான், கண்டுபிடித்தாயிற்று, கதை முடிந்தது. எனக்கு ஆர்வம் வேறு இடத்தில். ஒரு ஆராய்ச்சியாளரின் கட்டுரைப் பட்டியலை நாம் ஏன் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை? நாவலை வாசிக்கிறோம், சினிமா போஸ்டரை வாசிக்கிறோம், தலைவர்களின் கட்-அவுட்டைக்கூட 'வாசித்து'க் கட்டுரை எழுதியிருக்கிறோம். பதவி, பணம், மருந்து, பால்பவுடர் என்று இவ்வளவையும் தீர்மானிக்கிற ஒரு பட்டியலை மட்டும் எண்ணிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

வாசித்துப் பார்ப்போம். பட்டியலின் ஆரம்பத்தில், 1970களில், பட்டினியால் வாடிய குழந்தைகள் இருக்கிறார்கள். சோறு இல்லாத உடம்பில் நோயை எதிர்க்கும் சக்தி எப்படி வற்றுகிறது என்பது கேள்வி. இது சந்திரா மட்டும் கண்டுபிடித்த விஷயமல்ல. நெவின் ஸ்க்ரிம்ஷாவும் கார்ல் டெய்லரும் ஜான் கார்டனும் எழுதி உலகச் சுகாதார நிறுவனம் 1968-ல் வெளியிட்ட நூல் இந்த உறவைத் தெளிவாகவே பேசியிருந்தது: பட்டினி நோயைக் கூட்டும், நோய் பட்டினியைக் கூட்டும். அப்போது இது அரசியல் கேள்வி. யாருக்குச் சோறு இல்லை, ஏன் இல்லை என்று கேட்காமல் நகர முடியாது.

பட்டியலில் கீழே வர வர ஆட்கள் மாறுகிறார்கள். 1980களின் இறுதியில் வருகிறவர்கள் ஒவ்வாமை வரக்கூடிய வசதியான நாட்டுக் குழந்தைகள். அவர்களுக்கு எந்த டப்பாப் பால் நல்லது என்பதுதான் இப்போது கேள்வி. 1992-ல் 'லான்செட்' கட்டுரை. வீட்டில் தாமே நடமாடிக்கொண்டிருக்கிற 96 முதியவர்கள், ஒரு வருடம், பாதிப்பேருக்கு வைட்டமின்-தாதுச்சத்து மாத்திரை. மாத்திரை சாப்பிட்டவர்கள் தொற்றுநோயால் படுத்தது வருடத்துக்குச் சராசரி 23 நாள். சாப்பிடாதவர்கள் 48 நாள். பாதிக்குப் பாதி! 2001-ல் அதே மாத்திரை முதியவர்களின் ஞாபகசக்தியையும் கூட்டிவிட்டது. பட்டினிக் குழந்தையில் ஆரம்பித்து, பால் டப்பா வழியாக, காப்புரிமை பெற்ற மாத்திரையில் வந்து முடிகிறது பட்டியல். அந்தக் காப்புரிமை கட்டுரையாசிரியர் கையிலேயே இருந்தது. கட்டுரையில் அதைச் சொல்லவில்லை. இருபத்தைந்து முப்பது வருடத்தில் 'பசி' என்ற சொல் 'குறைபாடு' என்றாகி, பிறகு 'சரக்கு' என்றாகிவிட்டது. எந்தத் தனி ஆளின் பேராசையையும் விட இந்த நகர்வு பெரியது. ஊட்டச்சத்து என்கிற சொல்லாடல் முழுவதும் அந்தத் திசையில்தான் போனது. சந்திரா அதில் வேகமாக ஓடினார், அவ்வளவுதான்.

இனி பட்டியலில் இல்லாத ஒருவர்.

மேரிலின் ஹார்வி ஒரு நர்ஸ். 1980களின் இறுதியில் சந்திராவின் ஆராய்ச்சியில் வேலைக்குச் சேர்ந்தார். ராஸ் என்கிற கம்பெனி தன்னுடைய புதிய குழந்தைப் பால் ஒவ்வாமையைத் தடுக்குமா என்று சோதித்துச் சொல்லச் சந்திராவிடம் கேட்டிருந்தது. ஹார்வியின் வேலை, பெற்றோருக்கு ஒவ்வாமை உள்ள குடும்பங்களில் பிறந்த குழந்தைகளைத் தேடிப் பிடிப்பது. சொல்லும்போது லேசாகத் தெரிகிறது. பிரசவ வார்டில் போய் நிற்க வேண்டும். பிள்ளை பெற்ற அலுப்பில் கிடக்கிற பெண்ணிடம் ஆஸ்துமா உண்டா, சொறி உண்டா என்று விசாரிக்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கிறவள் ஆகமாட்டாள். சம்மதிக்கிறவர்களில் சிலர் பாதியில் விட்டுவிடுவார்கள். மொத்தத் தீவின் ஜனத்தொகையே ஐந்து லட்சத்துச் சொச்சம். ஹார்விக்குக் குழந்தைகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைத்தார்கள்.

அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கும்போதே முடிவுகள் அச்சில் வந்துவிட்டன. நெஸ்லேயின் பாலைப் பற்றி, மீட் ஜான்சனின் பாலைப் பற்றி. ஒரு கட்டுரையில் 288 குழந்தைகள். யார் இந்த 288 பேர்? குழந்தைகளைத் தேடுவதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர் ஹார்வி. அவர் கண்ணில் படாமல் இத்தனை பேரை வேறு யார் போய்ப் பார்த்தார்கள்? ஹார்விக்குப் புள்ளியியல் தேவைப்படவில்லை. தான் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினோம் என்று அவருக்குத் தெரியும்.

ஹார்வியின் இந்த அறிவுக்கு என்ன பெயர்? எந்த அட்டவணையிலும் ஏறாத அறிவு இது. கட்டுரைக்கு அடியில் 'உதவியவர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி வந்தால் பெரிசு. ஸ்டீவன் ஷேப்பின் 1989-ல் 'கண்ணுக்குத் தெரியாத டெக்னீஷியன்' என்றொரு கட்டுரை எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் ராபர்ட் பாயிலின் ஆய்வுக்கூடத்தில் கருவிகளை இயக்கியவர்கள் யார், அவர்கள் பெயர் ஏன் இல்லை என்பது கேள்வி. முன்னூறு வருஷம் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்பதற்கு செயின்ட் ஜான்ஸ் நகரமே சாட்சி. அங்கே அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆள் பெண்ணாகவும் நர்ஸாகவும் இருந்தார். பேராசிரியரோ பல்கலைக்கழகத்துக்குக் கௌரவத்தையும் கம்பெனிப் பணத்தையும் கொண்டுவருகிறவர்.

ஹார்வி புகார் கொடுத்தார். பல்கலைக்கழகம் குழு அமைத்தது. 1990களின் நடுவில் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. ஆராய்ச்சி ஒழுங்கீனம் நடந்திருக்கிறது என்பது அதன் முடிவு. பிறகு? ஒன்றுமில்லை. மூல ஆவணங்கள் காணாமல் போயின என்றார் சந்திரா. வழக்குப் போடுவேன் என்ற மிரட்டலும் வந்தது. விசாரணை முறையிலேயே குறை இருக்கிறது என்று சொல்லிப் பல்கலைக்கழகம் அறிக்கையை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டது. கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. சந்திரா பேராசிரியராகவே தொடர்ந்தார். பட்டியல் வளர்ந்தது.

இந்த மௌனத்தின் விலை என்ன? 2001-ல் வந்த ஞாபகசக்திக் கட்டுரை முதலில் போனது 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்ன'லுக்கு. படித்துப் பார்த்த மதிப்பீட்டாளருக்கு இது கற்பித்து எழுதப்பட்டது என்ற சந்தேகம் எழுந்தது. பத்திரிகை நிராகரித்தது, பல்கலைக்கழகத்துக்கும் எழுதிக் கேட்டது. அதற்குள் கட்டுரை 'நியூட்ரிஷ'னில் அச்சாகிவிட்டது. ஒரு வாசலில் துரத்தப்பட்டவன் பக்கத்து வாசலில் மாலை மரியாதையோடு நுழைகிற காரியம் நம் இலக்கிய உலகத்துக்குப் புதிதில்லைதான். மூலத் தரவைக் காட்டு என்று பல்கலைக்கழகம் கேட்டபோது காட்டவில்லை. 2002-ல் சந்திரா வேலையை விட்டு விலகினார். சேத் ராபர்ட்ஸ், சால் ஸ்டெர்ன்பர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் அச்சில் வந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, இந்தக் கணக்கு இப்படி வரவே வராது என்று காட்டினார்கள். ஊட்டச்சத்தின் வரலாற்றை எழுதிய கென்னத் கார்ப்பென்டரும் அவர்களோடு சேர்ந்து 1992 கட்டுரையைப் பற்றி 'லான்செட்'டுக்கு எழுதினார். 'லான்செட்' அதைத் திரும்பப் பெற அதற்குப் பின்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்துகிற ஆசாமி அமிர்த் ஜெயின். 2002-ல் 'நியூட்ரிஷன் ரிசர்ச்' பத்திரிகையில் அந்தப் பெயரில் மூன்று பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. முதியவர்களுக்கு வைட்டமின், நோய் குறைகிறது, சந்திரா 1992-ல் சொன்னது முழுக்க உண்மை. ஜெயினின் முகவரி ஜெய்ப்பூரில் ஒரு நர்ஸிங் ஹோம். தேடிப் போனவர்களுக்கு ஆள் அகப்படவில்லை. 'நியூட்ரிஷன் ரிசர்ச்' யாருடையது என்று கேட்கிறீர்களா? சந்திராவே ஆரம்பித்து நடத்திய பத்திரிகை. தன் பத்திரிகையில் தன் கட்டுரையை ஆதரித்து யாரென்றே தெரியாத ஒருவர் எழுதுகிறார். விஞ்ஞானத்தில் ஒரு சோதனை இன்னொரு ஆளால், இன்னொரு இடத்தில் திரும்பச் செய்யப்பட்டால்தான் அதற்கு மதிப்பு. அந்த 'இன்னொரு ஆளை'யும் தாளிலேயே தயாரித்துவிட முடியுமென்றால் மிச்சம் என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் ஃபூக்கோவிடம் போவது நம் வழக்கம். போகலாம், ஆனால் தலையாட்டிவிட்டு வருவதற்கு இல்லை. 1969-ல் 'ஆசிரியர் என்பது என்ன?' என்ற உரையில் அவர் ஒன்று சொல்கிறார். மத்திய காலத்தில் மருத்துவம், வானவியல் போன்ற எழுத்துகளுக்கு ஆசிரியர் பெயர் தேவைப்பட்டது. 'இன்னார் சொன்னது' என்பதே அதற்கு ஆதாரம். கதையும் பாட்டும் பெயரில்லாமல் உலவின. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டில் இது தலைகீழானது. இலக்கியத்துக்குப் பெயர் கட்டாயமாயிற்று. விஞ்ஞானமோ யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்க்கலாம் என்கிற முறையின் பலத்தில், பெயரற்ற உண்மையாக நிற்க ஆரம்பித்தது.

சந்திராவின் பட்டியலை வைத்துப் பார்த்தால் இதன் இரண்டாம் பாதி நிற்கவில்லை. மருத்துவ விஞ்ஞானம் மறுபடியும் 'இன்னார் சொன்னது' என்பதற்கே திரும்பியிருக்கிறது, இந்தத் தடவை கணக்குப் புத்தகத்தோடு. யூஜீன் கார்ஃபீல்டின் நிறுவனம் பிலடெல்பியாவிலிருந்து 1960களில் மேற்கோள் அட்டவணையைக் கொண்டுவந்தபோது அதன் நோக்கம் எளிமையானது: ஒரு கட்டுரையை யார் யார் பின்னால் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க உதவுவது. தேடும் கருவி கொஞ்ச காலத்திலேயே அளக்கும் கோலாக மாறியது. 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஒரு ஆளின் வாழ்நாள் உழைப்பையே ஒற்றை எண்ணாகச் சுருக்கக் கணக்குக் கொடுத்தார். நம் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2010-ல் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் போடக் கிளம்பிவிட்டது. இந்த எண்ணுக்கு ஆதரித்து எழுதியதும் ஒன்றுதான், மறுத்து எழுதியதும் ஒன்றுதான். 'சந்திரா சொல்வது பொய்' என்று எழுதினால்கூட அவர் கணக்கில் ஒன்று கூடும். உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்ற பைபிள் வசனத்தை வைத்து ராபர்ட் மெர்ட்டன் 1968-லேயே இதற்கு 'மத்தேயு விளைவு' என்று பெயர் வைத்துவிட்டார். விஞ்ஞானிகளின் சமூகவியலை எழுதியவருக்கு விவிலியம்தான் கைகொடுத்திருக்கிறது, பாருங்கள்.

ஆக இந்தப் பட்டியலில் ஆசிரியர் சாகவில்லை, ரொலான் பார்த் மன்னிக்க வேண்டும். உடம்பே இல்லாத பெயர் ஒன்று கட்டுரையாசிரியராக அச்சில் ஏறுகிறது. உடம்போடு வார்டு வார்டாக நடந்த நர்ஸ் ஏறவில்லை. இரண்டையும் ஒரே யந்திரம்தான் செய்கிறது.

நம்மோடேயே ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. 'எல்லாமே பிரதிதான், பிரதிக்கு வெளியே ஒன்றுமில்லை' என்று நாம் நிறையவே பேசியாயிற்று. விஞ்ஞானமும் ஒரு கதையாடல், உண்மை என்பது அதிகாரத்தின் விளைவு என்றெல்லாம். சந்திரா விஷயத்தில் இந்த வாதம் யாருக்கு உதவும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த 288 குழந்தைகள் இருந்தார்களா, இல்லையா? இது வாசகக் கோணத்தைப் பொறுத்த கேள்வியில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தாய், ஒரு விலாசம், ஒரு பால் டப்பா இருந்திருக்க வேண்டும். ஹார்வி நின்றது அந்த இடத்தில். பிரதிக்கு வெளியே என்ன இருந்தது என்று பார்த்துவிட்டு வந்து சொன்ன ஆள் அவர். ராபர்ட்ஸும் ஸ்டெர்ன்பர்க்கும் செய்தது அதற்கு நேர் எதிர். வெளியே போகாமல், பிரதிக்குள்ளேயே உட்கார்ந்து, எண்கள் ஒன்றோடொன்று முரண்படும் இடங்களைத் தேடினார்கள். கட்டுடைப்பு என்றால் இதையல்லவா சொல்ல வேண்டும்? அதைச் செய்தவர்களும் விஞ்ஞானிகளே, விஞ்ஞானத்தின் கருவிகளை வைத்தே. தடுப்பூசியிலிருந்து எல்லாவற்றையும் 'அது அவங்க கட்டின கதை' என்று தள்ளுகிறவர்கள் பெருகியிருக்கிற காலத்தில் இதை அழுத்திச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு வாசிப்பும் வரும், தெரியும். வெள்ளைக்கார நாட்டில் மேலே வந்த இந்தியரைச் சேர்ந்து கவிழ்த்துவிட்டார்கள் என்று. வெளிநாட்டில் போய் வேலை பார்க்கிற கறுப்புத் தோலுக்குக் கூடுதல் சந்தேகம் விழும் என்பதை மறுக்கமாட்டேன். இங்கே நடந்தது அதுவல்ல. அந்த வெள்ளைக்காரப் பல்கலைக்கழகம் தன் நர்ஸின் பேச்சைக் கேட்கவில்லை, பேராசிரியரைக் காப்பாற்றியது. தோலை விடப் பதவி கனமாக இருந்தது. கம்பெனிகளைப் பற்றியும் மறந்துவிடக் கூடாது. நெஸ்லே மீதான புறக்கணிப்பு 1977-ல் ஆரம்பித்து, 1981-ல் தாய்ப்பால் மாற்றுகளை விற்பதற்கான சர்வதேச விதிமுறை வந்தபிறகு, 'தாய்ப்பாலுக்குச் சமம்' என்று விளம்பரம் செய்வது சிரமமாகியிருந்தது. 'ஒவ்வாமையைத் தடுக்கும்' என்கிற மருத்துவப் பேச்சுக்கு அப்போது நல்ல கிராக்கி. அந்தப் பேச்சுக்குக் கட்டுரை வேண்டும், கட்டுரைக்குப் பெயர் வேண்டும். அதற்குப் பின் வந்த தொகுப்பாய்வுகள் பழைய கட்டுரைகளை ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது சந்திராவின் எண்களும் அந்தக் கூட்டலுக்குள் நுழைந்தன. புரதத்தைச் சிதைத்துத் தயாரிக்கும் இந்தப் பால்வகைகள் ஒவ்வாமையைத் தடுக்கின்றன என்பதற்கு ஒத்திசைவான ஆதாரம் இல்லை என்று ராபர்ட் பாயில் குழுவினரின் விரிவான ஆய்வு சொன்னது 2016-ல் (இது வேறு பாயில், பதினேழாம் நூற்றாண்டுக்காரர் இல்லை). இடையில் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. எத்தனை டப்பா விற்றிருக்கும்!

மிச்சக் கட்டுரைகள்? ஒரு கட்டுரை பொய் என்று தெரிந்தால் அதே ஆளின் பழைய கட்டுரைகளை யார் சோதிப்பது என்று, 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்ன'லின் ஆசிரியராக இருந்த ரிச்சர்ட் ஸ்மித் 2005-ல் எழுதிக் கேட்டார். பல்கலைக்கழகம் பத்திரிகையைக் காட்டும், பத்திரிகை பல்கலைக்கழகத்தைக் காட்டும். 1970களின் பட்டினிக் குழந்தைகள் பற்றிய கட்டுரைகள் இதனால் ஒரு இரண்டும்கெட்டான் நிலையில் நிற்கின்றன. அவற்றைப் பொய் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நம்பி எடுத்தாளவும் கை வரவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு இது இரண்டாவது அநியாயம்.

கடைசியில் விஷயம் வெளியே வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் சி.பி.சி தொலைக்காட்சி 2006-ல் ஹார்வியையும் அந்தப் பூட்டி வைத்த அறிக்கையையும் வைத்து ஒரு தொடர் ஒளிபரப்பியது. என் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று சந்திரா அவதூறு வழக்குப் போட்டார். ஒன்டாரியோ நீதிமன்றத்தில் அது ஜூரி முன்னால் விசாரணைக்கு வந்து 2015 ஜூலையில் முடிந்தது. சொன்னது உண்மைதான் என்ற சி.பி.சி-யின் வாதத்தை ஜூரி ஏற்றது. வழக்குச் செலவாகச் சுமார் 16 லட்சம் டாலர் சந்திரா கட்ட வேண்டும் என்று உத்தரவானது. அந்த வழக்கின் வழியாகத்தான் 1990களின் குழு அறிக்கை முழுசாகப் பொதுவெளிக்கு வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' 1989-ல் தான் அச்சிட்ட பால் கட்டுரையை அந்த வருஷமே திரும்பப் பெற்றது. பெயரைக் காப்பாற்றப் போட்ட வழக்கு இல்லாவிட்டால் அந்த அறிக்கை இன்னும் மெமோரியல் பல்கலைக்கழகத்து அலமாரியிலேயே இருந்திருக்கும்.